படகுக் கதைக்கு என் மகள் எழுதிய முடிவு

1

மலையகத்தாருக்கான இந்தப் பக்கங்களில் எழுதுகிறவர்கள் ஆசிரியர்கள், தொழிற்சங்கத்தில் இருந்தவர்கள், நாலு புத்தகம் போட்டவர்கள். அவர்களுக்கு நடுவில் நான் வந்து உட்காருவது சரியல்ல என்று எனக்கே தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இலங்கையில் நோர்வூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் பிறந்து, டவுன் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சையோடு நின்றவள். இங்கிலாந்தில் ஒரு சிறிய, மழை பெய்கிற ஊரில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. நாலு பேர் சேர்ந்து நிற்கிற இடத்தில் என் வாய் திறக்காது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று, இதை இங்கே யாரிடமும் சொல்ல முடியவில்லை. எனக்கு நடந்தது என்ன என்று புரிந்துகொள்ள, ஒருவர் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்திருக்க வேண்டும். அல்லது லயத்தில் பிறந்தவர்களைத் தெரிந்திருக்கவாவது வேண்டும். அது நீங்கள்தான்.

2

என் பெயர் தவிட்டம்மா. இங்கே கூட வேலை செய்கிறவர்கள் “தவி” என்கிறார்கள். உங்களில் பலருக்குப் பெயரைக் கேட்டதும் விஷயம் விளங்கியிருக்கும். வெளியே உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தன. மூன்றும் தங்கவில்லை. நான் பிறந்ததும் அப்பா என்னைத் தவிட்டுக்கு விற்றுவிட முடிவு செய்தார். பெற்றவளிடம் இருந்தால்தானே பிள்ளை போகிறது, அடுத்தவள் பிள்ளையாகிவிட்டால் சாவு தேடி வந்தாலும் வீடு மாறித் திரும்பிப் போய்விடும் என்பது கணக்கு. லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, அதுதான் காம்பரா. அடுத்த காம்பராவில் செல்லம்மா என்று ஒருவர். அவருக்கு நாலு பிள்ளைகள், நாலும் கல்லுக் குண்டு போல இருந்தன. ஒரு மாடும் வைத்திருந்தார். மாடு இருந்ததால் தவிடும் இருந்தது.

அம்மா என்னைச் சொளகில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். செல்லம்மா ஒரு சிறங்கை தவிட்டை அம்மாவின் முந்தானையில் போட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு தன் காம்பராவுக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, “எம் புள்ளைக்குப் பால் குடுத்து வளத்துக் குடு” என்று அம்மாவிடம் கொடுத்தார். அவ்வளவுதான். அதன் பிறகு சட்டப்படி, அதாவது லயத்துச் சட்டப்படி, நான் செல்லம்மாவின் பிள்ளை. என்னைப் பெற்றவர் வளர்ப்புத் தாய்.

மறுநாள் காலை, ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டில், கணக்கப்பிள்ளை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாராம்: “என்னா செல்லம்மா, மாட்டுத் தவுட்டக் குடுத்துப் பொம்பளப் புள்ளைய வாங்கிட்டியாமே! மாடு என்னாத்தத் திங்கும்?”

“பட்டினி கெடந்தா ஒங்க வூட்டுப் பக்கம் அவுத்து விடுறேங்க ஐயா. அங்கதான் பூச்செடி நெறையா இருக்கு.”

இதை எத்தனை முறை கேட்டாலும் எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். நான் செல்லம்மாவை “வாங்குனம்மா” என்று கூப்பிடுவேன். அம்மாவுக்குக் கோபம் வந்தால் என்னைப் பார்த்து, “ஏய், செல்லம்மா மகளே! ஒங்கம்மா வூட்டுக்குப் போடி” என்பார். நானும் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த காம்பராவுக்குப் போய்விடுவேன். அங்கே எனக்கு எப்போதும் ஒரு ரொட்டி இருக்கும்.

கல்யாணம் நிச்சயமானதும் அப்பா ஒரு சொளகு நிறையத் தவிட்டோடு போய், என்னை முறைப்படி மீட்டுக்கொள்ளக் கேட்டார். வாங்குனம்மா தரவில்லை. “வித்தது வித்ததுதான். தவுட்ட வேணா வச்சிட்டுப் போங்க, மாடு திங்கட்டும்” என்றார்.

அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. வாங்குனம்மா இருக்கிறார். பிள்ளைகள் நாலு பேரும் கொழும்புப் பக்கம் போய்விட்டார்கள். அடுத்த காம்பராவில் என் தம்பி குடும்பம் இருக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் தம்பியின் போனில் வாங்குனம்மாவோடு பேசுவேன். “என்னா தவுட்டு, சாப்புட்டியா?” என்று தொடங்குவார். இந்த நாட்டில் என்னை ஊர்ப் பேச்சில் கூப்பிட ஆளில்லை என்ற குறை அந்த ஒரு சொல்லில் தீர்ந்துவிடும்.

3

எனக்கு ஒரே மகள், மதுரா. பதினைந்து வயது. என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்தபோது பழக்கம். நல்ல மனிதர், குடியில்லை, பேருந்து ஓட்டுகிறார். அவருடைய ஆட்கள் தோட்டத்து ஆட்களை மதிப்பதில்லை, அதனால் அவர்களிடம் என்னைக் “கண்டிப் பக்கம்” என்று சொல்லி வைத்திருக்கிறார். நோர்வூட்டும் கண்டியும் ஒரே பக்கமா என்று அவர்களும் கேட்டதில்லை, நானும் திருத்தியதில்லை. மதுராவின் தமிழ் அவள் அப்பாவின் தமிழ். என் தமிழைக் கேட்டால் சின்ன வயதில் சிரிப்பாள். இப்போது சிரிப்பதில்லை, காதில் எதையாவது மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவள் தானாக வந்து என் பக்கத்தில் உட்காருவது குறைந்துவிட்டது. அதனால்தான், அன்றைக்கு நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மேசைக்கு அவள் மடிக்கணினியோடு வந்ததும் எனக்கு மனம் நிறைந்துபோயிற்று.

“அம்மா, வகுப்பில ஒரு கதை வாசிச்சனாங்கள். அதுக்கு வேற முடிவு எழுதோணும். ஹெல்ப் பண்ணுங்கோ.”

கதையைத் தமிழில் சொன்னாள். ஆற்றோரம் ஒரு படகுக்காரன். வறுமை. கடைசிப் பெண் குழந்தையைப் பிள்ளையில்லாத ஒரு பணக்காரத் தம்பதிக்குக் கொடுத்துவிடுகிறான். வருடங்கள் போய், அந்தப் பெண் வளர்ந்து அதே படகில் அக்கரைக்குப் போகிறாள். அவன் துடுப்புப் போடுகிறான். இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் தெரியவில்லை. அவள் இறங்கிப் போகிறாள். முடிந்தது.

“பாவம்” என்றேன். “தூரத்துல குடுத்ததுதான் தப்பு. எங்கள மாதிரி அடுத்த காம்பராவுல வித்திருக்கணும்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “வித்ததோ?”

நான் சொன்னேன். சொளகு, தவிடு, கணக்கப்பிள்ளை, ரொட்டி எல்லாம். அவள் தட்டச்சு செய்துகொண்டே கேட்டாள். நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டாள். என் கதையை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“அவா உங்களுக்கு அடிச்சவாவோ?”

“ஒருக்கா. வெளக்கமாத்தால. கழுநித் தொட்டிக்குள்ள தலைகுப்புற வுழுந்து கெடந்தேன். தூக்கி வச்சிட்டு அடிச்சாங்க, அடிச்சிட்டு அவங்களே அழுதாங்க.”

“வேலை செய்ய வச்சவாவோ?”

“மாட்டுக்குப் புல்லறுக்கப் போவேன். சாணி அள்ளுவேன். யாருதான் அள்ளல?”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். முடிவுக்கு நானே ஒரு யோசனையும் சொன்னேன்: படகுக்காரன் ஒரு சொளகு தவிட்டோடு கரையில் நிற்கட்டும், அந்தப் பணக்காரி தரமாட்டேன் என்று சொல்லட்டும், இரண்டு அம்மாவும் சண்டை போட்டுக்கொள்ளட்டும், பெண் நடுவில் நின்று சிரிக்கட்டும். “நல்ல முடிவு அம்மா” என்றாள். என் கன்னத்தில் ஒரு முத்தமும் கொடுத்துவிட்டுப் போனாள்.

4

இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வரச்சொன்னார்கள். என் கணவருக்கு வேலை. நான் தனியாகப் போனேன். சிறிய அறை. ஆங்கில ஆசிரியை இருந்தார். பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான இன்னொரு பெண்ணும் இருந்தார். மேசையில் ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை தயாராக இருந்தது. மதுராவையும் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மேசை நடுவில் ஒலிபெருக்கியில் ஒரு மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணத்து அம்மாவின் குரல்.

ஆசிரியை முதலில் என் கையைத் தொட்டார். அப்போதே எனக்கு ஏதோ பிசகு என்று தெரிந்தது. யாரும் காரணமில்லாமல் என் கையைத் தொடமாட்டார்கள்.

“உங்களைச் சின்னனில வித்தது உண்மையோ எண்டு கேக்கினம்” என்றது குரல்.

நான் சிரித்துக்கொண்டே, “ஆமாங்க, தவுட்டுக்கு வித்தாங்க” என்றேன். எங்கள் லயத்தில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது.

“ஆருக்கு?”

“பக்கத்துக் காம்பரா செல்லம்மாவுக்கு.”

“அவையின்ர வேலையள் செய்தனீங்களோ?”

“மாட்டு வேலை செஞ்சிருக்கேன்.”

“அடிச்சவையோ?”

“ஒருக்கா அடிச்சாங்க, ஆனா அது…”

அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு நான் சொன்னது ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.

“உங்கட தாய் தகப்பன் உங்களைத் திருப்பி எடுக்கேல்லையோ?”

“கேட்டாங்க. வாங்குனம்மா குடுக்க மாட்டேன்னுட்டாங்க.”

நான் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொரு உண்மைக்கும் எதிரே இருந்த இரண்டு பேருடைய முகமும் இன்னும் கொஞ்சம் வாடியது. இதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. பதறிப்போய், “அது நெசமான விக்கிறது இல்லைங்க, ஒரு சடங்கு” என்றேன். மொழிபெயர்ப்பாளர் அந்தச் சடங்கை என்ன சொல்லிச் சொன்னாரோ, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்னதை விட மோசமாகிவிட்டது. காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்கள்.

என் பக்கத்தில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முழுக் கதையும் தெரிந்தவள். நான் அவளைப் பார்த்தேன். அவள் மேசையைப் பார்த்தாள். ஆசிரியை அவளிடம் மெதுவாக என்னவோ கேட்டார். மதுரா சொன்ன பதில் சின்ன ஆங்கிலம், எனக்கே விளங்குகிற ஆங்கிலம்: அம்மாவுக்கு இதைப் பற்றிப் பேசப் பிடிக்காது.

அதற்குப் பிறகு நான் பேசவில்லை. பேசப் பிடிக்காதவள் என்று சொல்லியாகிவிட்டதே.

ஆசிரியை சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார். மதுராவின் முடிவு வகுப்பிலேயே சிறந்தது. பள்ளிக்கூட விழா மாலையில் அதை அவள் மேடையில் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறார்கள். பெற்றோரில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு மனக்கஷ்டம் இருந்தால் பேச ஆள் ஏற்பாடு செய்து தருவார்கள். “நீங்கள் சரியான தைரியசாலி எண்டு சொல்லினம்” என்று அந்த அம்மா முடித்தார். கடைசியில் தன் பங்குக்கு, “அந்தக் காலத்தில தோட்டங்களில இப்பிடியெல்லாம் நடந்திருக்கு, என்ன?” என்றும் கேட்டார்.

5

வீட்டுக்கு வந்து மதுராவை உட்காரவைத்து முழுவதையும் தமிழில் சொல்லச் சொன்னேன். சொன்னாள். படகில் ஏறுகிற பெண்ணின் பெயர் தவி. இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பெற்றவர்கள் அவளை ஒரு மூட்டை மாட்டுத் தீனிக்கு விற்றுவிட்டார்கள். வாங்கியவள் செல்லம்மா. விளக்குமாற்றால் அடிப்பாள், மாட்டோடு படுக்க வைப்பாள். படகு அக்கரைக்கு வருகிறது. படகுக்காரனைத் தவி அடையாளம் கண்டுகொள்கிறாள். அவன் கை நீட்டுகிறான். அவள் பிடிக்கவில்லை. நடந்து போய்விடுகிறாள். அதற்குக் கீழே ஒரு வரி: ‘இது என் அம்மாவின் உண்மைக் கதை.’

“மாட்டோட எப்ப படுத்தேன் மதுரா? நான் அப்படிச் சொன்னேனா?”

“கதைதானே அம்மா. முடிவை மாத்தத்தான் சொன்னவை. சிரிச்சுக்கொண்டு முடிஞ்சால் ஒருத்தரும் கவனிக்க மாட்டினம்.”

“நான் சொன்ன முடிவு?”

“அது விளங்காது அவைக்கு.”

நான் யோசித்தேன். கதை என்றால் மாற்றித்தான் எழுதுவார்கள். படகுக்காரன் கெட்டவனாகட்டும். செல்லம்மா என்ற பெயரில் உலகத்தில் ஆயிரம் பேர். என்னால் தாங்க முடியாதது அந்தக் கடைசி வரி ஒன்றுதான். அது இருந்தால் விற்றவர் என் அப்பா. அடித்தவர் என் வாங்குனம்மா.

“சரி, வாசி. அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துடு. ஷாலினி ஒன் போன்ல இருக்கா. அவ இங்கிலீஷ் படிக்கிற புள்ள. எல்லாத்தையும் வாங்குனம்மாவுக்குச் சொல்லுவா.” ஷாலினி என் தம்பி மகள், ஹட்டனில் உயர்தரம் படிக்கிறாள்.

“சரி.”

“சத்தியமா?”

“எடுக்கிறன் அம்மா. இப்பவே பாருங்கோ.” கணினித் திரையைத் திருப்பிக் காட்டி, அந்த வரியை அழித்தாள். நான் பார்த்தேன். வரி இல்லை.

என் கணவர் வேலை முடிந்து வந்து அதைப் படித்தார். எனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று தேநீர் ஊற்றிக்கொண்டே காத்திருந்தேன்.

“நல்லாத்தான் எழுதியிருக்கிறாள்” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். “ஆனால் தோட்டம் எண்டெல்லாம் என்னத்துக்கு? விழாவுக்கு அண்ணர் வீட்டுக்காரரும் வருவினம், அவையின்ர மகன் வயலின் வாசிக்கிறான் எல்லே. கிராமம் எண்டு மாத்தச் சொல்லும்.”

“எங்கம்மா அப்பா என்னைய மாட்டுத் தீனிக்கு வித்தாங்கன்னு இருக்குதுங்க. அது பரவால்லையா?”

“இஞ்சேரும், அது கதையப்பா. ஆரும் நம்புவினமே?”

தோட்டம் என்றால் மட்டும் நம்புவார்களா என்று கேட்க நினைத்தேன். கையெழுத்தை அவர் போட்டார்.

6

விழா வெள்ளிக்கிழமை மாலை. பெரிய மண்டபம். நான் மதுரைப் பக்கத்துச் சுங்குடிச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் என் கணவர், அவருக்கு அந்தப் பக்கம் அண்ணர் குடும்பம். நிகழ்ச்சியைப் பள்ளிக்கூடத்தின் இணையப் பக்கத்தில் நேரடியாகவும் காட்டினார்கள். ஊரில் அப்போது நடுச்சாமம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

மதுரா மேடைக்கு வந்தாள். அழகாக இருந்தாள். என் மகளா என்று இருந்தது. என்னைப் போல நடுங்கவில்லை. நேராக நின்று, சபையைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். வேகமாகப் பேசினால் எனக்கு விளங்காது. அவள் வாசித்தது முழுக்க விளங்கியது. கொஞ்ச நேரம், சத்தியமாகச் சொல்கிறேன், பெருமையாகக்கூட இருந்தது.

தேயிலைத் தோட்டம் என்று வர வேண்டிய இடத்தில் ‘ஒரு கிராமம்’ என்று வாசித்தாள். என் கணவர் மெல்லத் தலையை ஆட்டினார். மூட்டை வந்தது, விளக்குமாறு வந்தது, மாட்டுத் தொழுவம் வந்தது. படகுக்காரன் கை நீட்டினான். தவி நடந்து போனாள். முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

மதுரா தாளை இறக்கினாள். தாளைப் பார்க்காமலே சொன்னாள்: இது என் அம்மாவின் உண்மைக் கதை.

என் கணவர் எடுக்கச் சொன்னது எடுக்கப்பட்டிருந்தது. நான் எடுக்கச் சொன்னது அப்படியே இருந்தது.

ஆட்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஆசிரியை மேடையோரத்திலிருந்து என்னைக் கையால் காட்டினார். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துத் தட்டினார்கள். ஒரு வயதான வெள்ளைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணரின் மனைவி குனிந்து என் காதில், “எங்களிட்ட ஒருநாளும் சொல்லேல்லையே” என்றார். நான் எழுந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. எழுந்து நின்றேன். கை தட்டல் இன்னும் கூடியது. என் வாழ்நாளில் எனக்காக யாரும் கை தட்டியதில்லை. முதல் தடவை தட்டியது, என் அப்பாவைக் குழந்தை விற்றவராகவும் வாங்குனம்மாவை, அந்தக் குழந்தையை மாட்டோடு படுக்கவைத்தவராகவும் ஆக்கியதற்கு. நான் எழுந்து நின்று அதை ஏற்றுக்கொண்டேன்.

காரில் வரும்போது கேட்டேன். “சத்தியம் பண்ணுனியே?”

“மிஸ்தான் திருப்பிப் போடச் சொன்னவா அம்மா. அந்த வரி இல்லாட்டில் இது வெறும் கதை.”

“அது வெறும் கதைதானே மதுரா?”

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். அவளுடைய போனில் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள் முகம் மலர்ந்தது. பின்னிருக்கையில் அவளோடு உட்கார்ந்திருந்த நான் அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் கணவர், “பிள்ளையை இண்டைக்கு விடுமன்” என்றார்.

அவள் பொய் சொன்னது என்னைச் சுட்டது. அதைவிட, கீரை ஆய்ந்த மேசையில் அவள் கேட்ட கேள்விகள்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தன. அடித்தாரா, வேலை செய்ய வைத்தாரா. அவளுக்கு என்ன வேண்டும் என்று அப்போதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று நான் அதைச் சிரித்துச் சிரித்துக் கொடுத்திருக்கிறேன். அந்த முத்தத்தை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

7

மறுநாள் சனிக்கிழமை. காலையில் ஷாலினியின் குரல்பதிவு வந்திருந்தது. “அத்தை, மதுரா சூப்பரா வாசிச்சிச்சு! வீடியோவப் போட்டு நான் செல்லம்மா பாட்டிக்கு வரிவரியா தமிழ்ல சொல்லிக் காட்டுனேன்.”

வழக்கமான நேரத்துக்குத் தம்பிக்குப் போன் எடுத்தேன். தவி வேறு, நான் வேறு என்று சொல்ல நினைத்திருந்தேன். “வாங்குனம்மாகிட்ட குடு” என்றேன்.

“அவங்க கோயிலுக்குப் போயிருக்காங்கக்கா” என்றான் தம்பி.

பின்னால் வாங்குனம்மா இருமுவது கேட்டது. சரி, பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.